காரிலிருந்து தப்பிக்கும் வழி: ஆபத்துக்கு முன்பே அறிந்து வைக்க வேண்டியவை

கடந்த அரை நூற்றாண்டில் கார்களில் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, மோதலின்போது உள்ளே இருப்பவரை உள்ளேயே நிறுத்தி வைப்பதற்காக உருவானவை. சீட் பெல்ட் உடலை இருக்கையோடு பிணைக்கிறது. வண்டி வேகமெடுத்ததும் பல கார்களில் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. பக்கவாட்டு ஏர்பேக் திரைபோல் இறங்கி ஜன்னலை மறைக்கிறது. விபத்தில் பயணிகள் ஜன்னல் வழியே தூக்கி வீசப்படுவதைத் தடுக்க அமெரிக்கா 2011ஆம் ஆண்டு தனியாக ஒரு விதியையே வகுத்தது; பக்கக் கண்ணாடிகளிலும் எளிதில் விட்டுக்கொடுக்காத அடுக்குக் கண்ணாடி பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். இவற்றால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கார் நீரில் விழும்போதும், தீப்பற்றும்போதும், கவிழ்ந்து கிடக்கும்போதும் தேவை நேரெதிராக மாறிவிடுகிறது. உள்ளே பிடித்து வைத்துக் காத்த அதே பாகங்கள் அப்போது தடைகளாகி நிற்கின்றன.

இத்தகைய நிலைமைகள் அரிதானவை. பெரும்பாலான விபத்துகளில் கதவு வழக்கம்போல் திறந்துகொள்கிறது. ஆயினும் அந்த அரிதான நிலைமைகள் தரும் அவகாசம் மிகச் சிறிது. முன்பின் பார்த்திராத ஒரு நெம்புகோலைத் தேடிக் கண்டுபிடிக்கவோ, கையேட்டைப் புரட்டவோ அதில் இடமில்லை. ஆகவே தப்பிப்பதற்கான தயாரிப்பு என்பது பெரும்பகுதி தன் காரைப் பற்றிய அறிவுதான் என்றும், கண்ணாடி உடைக்கும் சுத்தியலுக்கு அதற்கு அடுத்த இடமே உரியது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகளும் விளம்பரங்களும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருப்பதால், சுத்தியலை வாங்கி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டதோடு தயாரிப்பு முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம்.

நேரம் எவ்வளவு குறைவு என்பது நீரில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் உண்மையான கார்களை ஆட்களோடு நீரில் இறக்கிச் சோதனைகள் நடத்தியவர். நீரில் விழும் கார் உடனே மூழ்குவதில்லை என்பதை அவை உறுதிப்படுத்தின. பெரும்பாலான கார்கள் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மிதக்கின்றன. பிறகு எஞ்சின் இருக்கும் கனமான முன்புறம் கீழே சாய, கார் அமிழத் தொடங்குகிறது. அதன்பின் முழுவதும் மூழ்கிவிடுகிறது. தப்பிக்க ஏற்ற காலம் முதல் கட்டம் மட்டுமே. அந்தக் கட்டத்துக்குள்ளும் ஒரு நுட்பமான எல்லை உண்டு: வெளியே நீர்மட்டம் ஜன்னல் கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டால், நீரின் அழுத்தம் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து நெருக்குவதால் அதைக் கீழிறக்குவது கடினமாகிவிடும். எனவே நடைமுறையில் கையில் இருப்பது சுமார் ஒரு நிமிடம்.

இந்த ஒரு நிமிடத்தை வீணாக்கும் செயல்களில் முதலாவது, கதவைத் திறக்க முயல்வது. கதவின் அகலம் ஒரு மீட்டர் என்றும், அதன் அடிவிளிம்புக்கு மேல் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெளியே நீர் நிற்கிறது என்றும், உள்ளே நீர் இல்லை என்றும் கொள்வோம். அந்தப் பரப்பின் மீது நீர் செலுத்தும் விசை ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமம். கதவு ஒருபுறம் கீலில் நிற்பதால், பிடி இருக்கும் மறுமுனையில் தள்ளுபவர் அதில் பாதியை, அதாவது சுமார் 90 கிலோவைச் சமாளிக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்த நிலையில், தோளாலும் முழங்கையாலும் இதைச் செய்வது பெரும்பாலானோருக்கு இயலாது. இயன்றுவிட்டால் அது இன்னும் கெடுதல். திறந்த கதவு வழியே நீர் ஒரேயடியாகப் புகுந்து, மிதந்துகொண்டிருந்த காரைச் சில நொடிகளில் அமிழ்த்திவிடும், பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கு அவகாசமே இருக்காது.

கதவு திறக்காது என்ற உண்மையிலிருந்து பிறந்ததுதான், கார் முழுவதும் நீர் நிரம்பி உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும் வரை காத்திருந்து பிறகு கதவைத் திறக்கலாம் என்ற பழைய அறிவுரை. இயற்பியல் கணக்கில் அதில் பிழையில்லை. ஆனால் அந்தச் சமநிலை வருவதற்குள் நீர் தலைக்கு மேல் ஏறியிருக்கும், கார் முன்புறம் குத்திட்டுச் சாய்ந்திருக்கும், வெளிச்சம் இருக்காது, மூச்சை அடக்கிக்கொண்டே கதவின் பிடியைத் தடவித் தேட வேண்டியிருக்கும். குளிர்ந்த நீராக இருந்தால் மூச்சை அடக்குவதே நம் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. திடீர்க் குளிர்ச்சியில் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுத்து வாங்கும். வேறு எல்லா வழியும் அடைபட்டுப்போன பிறகு கடைசி முயற்சியாக இது நிற்கலாம். திட்டமாக வைத்துக்கொள்ளத் தகாது.

கீஸ்பிரெக்ட் பரிந்துரைக்கும் வரிசை சுருக்கமானது: பெல்ட்டைக் கழற்றுவது, ஜன்னலைத் திறப்பது, குழந்தைகளை முதலில் அனுப்பி வெளியேறுவது. இதில் தொலைபேசிக்கு இடமில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆபத்து என்றதும் அவசர எண்ணை அழைப்பது நாம் பழகிய நல்ல வழக்கம். ஆனால் இடத்தைச் சொல்லி, கேள்விகளுக்குப் பதில் அளித்து முடிப்பதற்குள் மிதக்கும் நேரம் கடந்துவிடும். எவ்வளவு விரைவாக வந்தாலும் மீட்புப் படை அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்து சேரப்போவதில்லை. அழைப்பு கரையேறிய பிறகு செய்ய வேண்டியது. மின்சார ஜன்னல்கள் நீர் பட்டவுடன் செயலிழந்துவிடும் என்ற அச்சமும் மிகைப்பட்டதே. பெரும்பாலும் அவை சிறிது நேரம் வேலை செய்கின்றன. செயலிழக்குமோ என்று தயங்கி நிற்பதில்தான் நேரம் போகிறது. பழக்கத்தால் எஞ்சினை அணைத்துவிடாமல் இருப்பதும் முக்கியம், ஏனென்றால் ஜன்னல் இறங்கும் வரை அதற்கு மின்சாரம் வேண்டும்.

வெள்ளத்தில் மாட்டிக்கொள்வது இதிலிருந்து சற்று வேறுபட்டது; அங்கே வெளியேறும் முடிவு நீருக்குள் இறங்கும் முன்பே எடுக்கப்பட வேண்டியது. கார் கனமானது என்ற எண்ணம் இங்கே ஏமாற்றுகிறது. அடிப்பரப்பு 4 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் உள்ள கார் ஒன்று, தன் அடித்தளத்துக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் உயரும் ஒவ்வொரு முறையும் சுமார் 680 லிட்டர் நீரை விலக்குகிறது. அதாவது அதன் எடையில் 680 கிலோவை நீர் தாங்கிக்கொள்கிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் தரையைப் பிடித்து நிற்கும் திறனை இழக்க அடித்தளத்துக்கு மேல் 20 சென்டிமீட்டர் நீர்கூடத் தேவையில்லை. வேகமாக ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும் என்றும், 60 சென்டிமீட்டர் இருந்தால் எஸ்யூவி வகை வண்டிகளையும் விட்டுவைக்காது என்றும் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிப்பது இதனால்தான்.

ஜன்னல் இறங்கவில்லை என்றால் அடுத்த வழி அதை உடைப்பது. இங்கேதான் தன் காரைப் பற்றிய அறிவு முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. கார் ஜன்னல்களில் இருப்பது ஒரே வகைக் கண்ணாடி அன்று. கடினப்படுத்திய கண்ணாடி எனப்படும் டெம்பர்ட் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, மேற்பரப்பைக் காற்றுத் தாரைகளால் திடீரெனக் குளிரச் செய்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது அது மேற்பரப்பையும் சேர்த்து உள்ளிழுக்கிறது. இதனால் மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கின்றன. உள்ளங்கையாலோ, செருப்புக் காலாலோ, தொலைபேசியாலோ எவ்வளவு அடித்தாலும் அந்த அமுக்க அடுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. மிகக் கடினமான, மிகச் சிறிய முனை ஒன்று அந்த அடுக்கைத் துளைத்து உள்ளே சென்றுவிட்டாலோ, தேங்கியிருந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபட்டுக் கண்ணாடி முழுவதும் சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். வலிமையைவிட முனையின் கூர்மையும் கடினத்தன்மையும்தான் இதைச் செய்கின்றன.

அடுக்குக் கண்ணாடி எனப்படும் லேமினேட்டட் கண்ணாடி இதற்கு முற்றிலும் மாறானது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒட்டும் தன்மையுள்ள பிளாஸ்டிக் படலம் ஒன்று இருப்பதால், அடித்தால் விரிசல் விடுமே தவிர உதிராது. விரிசல் விட்ட பிறகும் அப்படலம் முழுத் தகட்டையும் பிடித்து நிறுத்தும். முன்பக்கக் கண்ணாடி அநேகமாக எல்லாக் கார்களிலும் இந்த வகைதான். அதனால் அதை உதைத்து வெளியேறலாம் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். சிக்கல் பக்க ஜன்னல்களில் இருக்கிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் வெளியிட்ட ஆய்வில், 2018ஆம் ஆண்டு மாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் பக்க ஜன்னல்களும் லேமினேட்டட் கண்ணாடியே என்று கண்டறியப்பட்டது. அதே ஆய்வில் கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகள் சோதிக்கப்பட்டன. நான்கு கருவிகள் டெம்பர்ட் கண்ணாடியை உடைத்தன, லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. கையில் கருவி இருக்கிறது என்ற நிம்மதி எவ்வளவு பொய்யாக இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எந்தக் கண்ணாடி எந்த வகை என்பதை அறிவது கடினமன்று. ஒவ்வொரு ஜன்னலின் கீழ் மூலையிலும் பொறிக்கப்பட்டிருக்கும் சிறு முத்திரையில் பெரும்பாலும் வகை குறிப்பிடப்பட்டிருக்கும். முத்திரை புரியாவிட்டால், ஜன்னலைச் சற்று இறக்கி மேல் விளிம்பை உற்றுப் பார்க்கலாம். இரு தகடுகளுக்கு நடுவே மெல்லிய கோடு தெரிந்தால் அது லேமினேட்டட். முன்கதவுகளில் லேமினேட்டட் கண்ணாடியும் பின்கதவுகளில் டெம்பர்ட் கண்ணாடியும் பொருத்தப்பட்ட கார்கள் உண்டு என்பதால் ஒரு ஜன்னலைப் பார்த்ததோடு நிறுத்திவிடக் கூடாது. பின்புறப் பெரிய கண்ணாடி பல கார்களில் டெம்பர்ட் வகையாகவே இருக்கிறது. இப்படிப் பார்த்து, நம் காரில் உடைக்கக்கூடிய கண்ணாடி எது, ஓட்டுநர் இருக்கையிலிருந்து அதை எப்படி எட்டுவது என்பதை அறிந்து வைத்தவருக்கே கருவி பயன்படும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது சுத்தியல் வடிவத்தைவிட, அழுத்தினால் உள்ளிருக்கும் முனை சுருள்வில்லின் விசையால் தெறித்து வந்து குத்தும் வகையை விரும்பலாம். நீருக்குள் சுத்தியலை வீச முடியாது, நீர் வேகத்தைக் கொன்றுவிடும்; கண்ணாடியோடு வைத்து அழுத்துவதற்கு வீச்சு தேவையில்லை. அடிக்க வேண்டிய இடம் ஜன்னலின் மூலைக்கு அருகே. நடுப்பகுதி வளைந்து கொடுத்து விசையை உள்வாங்கிக்கொள்ளும். இருக்கையின் தலைச்சாய்வானைக் கழற்றி அதன் கம்பிகளால் கண்ணாடியை உடைக்கலாம் என்று பரவலாகப் பகிரப்படும் யோசனையைப் பொறுத்தவரை, அது அதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. கம்பி முனை பெரும்பாலும் மழுங்கலாக இருக்கும். சில கார்களில் தலைச்சாய்வானைக் கழற்றவே முடியாது. கழற்ற முடிந்தாலும் அதற்குச் செலவாகும் நொடிகள் இழப்புதான்.

கருவியை எங்கே வைப்பது என்பதும் அதை வாங்குவதைப்போலவே முக்கியம். டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும் கருவி, கார் கவிழ்ந்தால் பெட்டி திறந்து எங்கோ போய் விழுந்திருக்கும், அல்லது பெட்டி நசுங்கித் திறக்காமல் போகும். பெல்ட் அணிந்து உட்கார்ந்த நிலையில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் எட்டி எடுக்கக்கூடிய இடத்தில் அது உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

சீட் பெல்ட் சிக்கிக்கொள்வது மக்கள் அஞ்சும் அளவுக்கு அடிக்கடி நிகழ்வதில்லை. ஆனால் கார் கவிழ்ந்து உடல் பெல்ட்டில் தொங்கும்போது, முழு எடையும் பட்டையை இழுத்துக்கொண்டிருப்பதால் பொத்தானை அழுத்துவது கடினமாகிறது. ஒரு கையைக் கூரையில் ஊன்றி, கால்களைத் தரைப் பலகையில் உந்தி எடையைக் குறைத்தபின் பொத்தானை அழுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் விடுவித்தால் தலை முதலில் மோதி, விபத்தில் தப்பிய கழுத்துக்கு அதன்பின் காயம் ஏற்படக்கூடும். அறுத்தே ஆகவேண்டும் என்ற நிலையில், உள்வளைந்த பிளேடு கொண்ட வெட்டியைப் பட்டைக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாக வைத்து இழுத்தால் எளிதில் அறும். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட இழுவிசையைத் தாங்கும்படி நெய்யப்பட்ட அந்தப் பட்டையைச் சாதாரணப் பேனாக்கத்தியால் அறுப்பது நீண்ட வேலை.

கதவுகளைப் பற்றிய அறிவு முன்பு ஏறக்குறைய தேவையற்றதாக இருந்தது. பிடியை இழுத்தால் ஒரு கம்பி வழியாகப் பூட்டு விடுபடும், அவ்வளவுதான். இப்போது பல கார்களில் பிடி என்பது மின்சாரப் பொத்தானாகிவிட்டது. விபத்தில் 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பு அறுந்தால் பொத்தான் பயனற்றுப்போகும். இதற்காக உள்ளே இயந்திர விடுவிப்பு ஒன்று வைக்கப்படுவது உண்டு. முன்கதவில் அது கைக்கெட்டும் நெம்புகோலாக இருக்கும். பின்கதவிலோ கதவுப் பையின் அடியிலுள்ள மூடிக்குக் கீழேயோ, ஒலிபெருக்கியின் உறைக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். சில மாடல்களின் பின்கதவில் அப்படியொன்று இருந்ததே இல்லை. 2021ஆம் ஆண்டுத் தயாரிப்பான டெஸ்லா மாடல் ஒய் கார்களில் மின்சாரக் கதவுப் பிடிகள் செயலிழந்து, பெற்றோர் உள்ளே இருந்த குழந்தைகளை எடுக்க முடியாமல் போனதாக வந்த புகார்களையடுத்து அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025இல் விசாரணையைத் தொடங்கியது. அதே ஆண்டு சீனா, கதவுகளில் இயந்திர விடுவிப்பைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை வெளியிட்டது. அழகுக்காகவும் காற்றுத் தடையைச் சிறிது குறைப்பதற்காகவும் பிடியை மறைத்தது, எந்த அளவில் பார்த்தாலும் நல்ல பேரமாகத் தோன்றவில்லை.

பின்கதவின் சைல்டு லாக் இதைவிடப் பழைய, ஆனால் இதைவிட அடிக்கடி மறக்கப்படும் தடை. அது பூட்டப்பட்டிருந்தால் பெரியவராலும் உள்ளிருந்து திறக்க முடியாது. குழந்தைகள் வளர்ந்த பிறகும் அந்தச் சிறு திருகு பூட்டிய நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடப்பது சாதாரணம். பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவுள்ள கார்கள் சிலவற்றில், அக்கதவின் உட்புற மூடியை நீக்கினால் அவசர விடுவிப்பு ஒன்று கிடைக்கும்; கையேட்டில் ஒரு படத்தோடு அது விளக்கப்பட்டிருக்கும். தனி டிக்கி உள்ள கார்களில், உள்ளே சிக்கியவர் திறந்துகொள்வதற்கான விடுவிப்பை அமெரிக்கா 2001 செப்டம்பர் முதல் கட்டாயமாக்கியது. இருளிலும் ஒளிரும் அந்தக் கைப்பிடியைக் குழந்தைகளுக்குக் காட்டி, அது எதற்கு என்று ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

தீயைப் பொறுத்தவரை, திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல் கார்கள் வெடித்துச் சிதறுவது அரிது. உண்மையான ஆபத்து புகை. காரின் உட்புறம் முழுவதும் பஞ்சும் பிளாஸ்டிக்கும் செயற்கைத் துணியும்தான். அவை எரியும்போது எழும் புகையைச் சில முறை சுவாசித்தாலே செயலற்றுப்போகலாம். உட்புறப் பொருட்களில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்று 1972 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள விதி, சிகரெட்டோ தீக்குச்சியோ தவறி விழுவது போன்ற சிறு நெருப்பை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. எஞ்சின் பகுதியிலிருந்து பெருகி வரும் தீக்கு அது காப்பாகாது. புகையைக் கண்டதும் ஓரம்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். நீரில் செய்யக் கூடாதென்று சொன்னது இங்கே முதல் வேலையாகிறது, ஏனென்றால் அணைத்தவுடன் எரிபொருள் பம்பு நின்றுவிடும். பிறகு அனைவரும் குறைந்தது 30 மீட்டர் தள்ளிச் செல்ல வேண்டும்; பொருட்களை எடுக்கத் திரும்பக் கூடாது. முன்மூடியைத் திறந்து பார்ப்பது தீக்குக் காற்றை ஊட்டுவதாகும். மின்சாரக் காரின் பேட்டரி தீப்பற்றினால் சிறிய அணைப்பானால் பயனில்லை. அணைந்ததுபோல் தோன்றிய பிறகும் அது மீண்டும் பற்றக்கூடும்.

வெளியேறுவதே தவறாகும் ஒரு சூழலும் உண்டு. அறுந்த மின்கம்பி காரின் மீது விழுந்திருந்தால் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. ஒரு கால் தரையிலும் ஒரு கை கார் மீதும் இருக்கும் கணத்தில் மின்சாரம் உடல் வழியே பாயும். தீயால் வெளியேறியே ஆகவேண்டும் என்றால், காரைத் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து விலக வேண்டும். இறங்கும் இந்த முறையை யாரும் அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

முன்கூட்டிய பயிற்சியின் மதிப்பு இங்கேதான் வருகிறது. பேரிடர்களில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் லீச், பெரும்பான்மையோர் அலறி ஓடுவதில்லை, திகைத்துச் செயலற்று நின்றுவிடுகிறார்கள் என்று விளக்குகிறார். புதிதாக ஒரு தீர்வை உருவாக்க மூளைக்கு நேரம் வேண்டும். முன்பே பதிந்து கிடக்கும் தீர்வை எடுத்துப் பயன்படுத்த அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. கடல் எண்ணெய்த் தளங்களுக்கு ஹெலிகாப்டரில் செல்வோரை, மாதிரிக் கூடு ஒன்றில் உட்கார வைத்து நீரில் கவிழ்த்துப் பயிற்றுவிப்பது இதனால்தான். அங்கே கற்பிக்கப்படுவதில் ஒன்று காருக்கும் அப்படியே பொருந்தும்: ஒரு கையால் வெளியேறும் வழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்ட பிறகே மறுகையால் பெல்ட்டை விடுவிப்பது. நீருக்குள் தலைகீழாகிவிட்டால் மேல் எது கீழ் எது என்று தெரியாது, ஆனால் பிடித்த கை வழியைக் காட்டும்.

காரில் இதற்குக் குளமோ கூடோ வேண்டியதில்லை. நிறுத்திய காரில், கண்ணை மூடிக்கொண்டு பெல்ட் பொத்தானையும், ஜன்னல் பொத்தானையும், இயந்திர விடுவிப்பையும், கருவியையும் வரிசையாகத் தொட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். வாடகைக் காரோ இரவல் காரோ என்றால் புறப்படும் முன் இதைச் செய்வது இன்னும் அவசியம், ஏனென்றால் பழகிய கை பழைய காரின் இடத்தைத்தான் தேடும்.

குழந்தைகளோடு செல்பவர்கள் இன்னும் ஒன்றை முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்: யார் யாரை எடுப்பது என்பது. நீரில் விழுந்தால் தானே கழற்றிக்கொள்ளத் தெரிந்த மூத்த குழந்தையின் பெல்ட்டை முதலில் விடுவித்தால் அது அடுத்ததற்கு உதவும். கைக்குழந்தையின் இருக்கையில் இருக்கும் வார்ப்பூட்டு வலுவாக அழுத்தினால்தான் விடுபடும்படி அமைக்கப்பட்டது. அதைக் கட்டிவிடுபவர் எப்போதும் ஒருவராகவே இருந்தால், மற்றவருக்கு அதைக் கழற்றத் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். இருவரும் ஒரு முறையாவது, வெளிச்சம் இல்லாத நேரத்தில், பின்கதவு வழியாக இல்லாமல் முன்னிருக்கையிலிருந்து திரும்பியபடி அந்தப் பூட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.